தூங்கவைக்கிறவன்

துண்டை மடிக்கிற சத்தம் நன்றாக வந்திருக்கிறது. ஹெட்போனில் கேட்டால் துண்டு என்றே சொல்ல முடியாது, யாரோ வைக்கோல் மேல் செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி இருக்கிறது. மொத்தம் இருபத்தாறு நிமிஷம் பதிவாகியிருக்கிறது, மூன்று நிமிஷம் கேட்டாயிற்று, மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருக்கிறது. மகள் இலக்கியா பள்ளிக்கூடம் விட்டு வர நாலே கால் ஆகும். அதற்குள் முழுவதையும் ஒரு தடவை கேட்டு, இருமல் கனைப்பு ஏதாவது இருந்தால் வெட்டிவிட்டு, சேனலில் ஏற்றிவிட வேண்டும். இன்றைக்கு ஏற்றாவிட்டால் என்றைக்கும் ஏற்ற மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி செண்பகம் தூங்குகிறாள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், இரண்டு வருஷமாக நிரந்தரமாக நைட் டூட்டி. காலை எட்டரைக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கதவைச் சாத்தினாள் என்றால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் திறப்பாள். அந்த ஏழரை மணி நேரமும் இந்த வீட்டில் சத்தம் கிடையாது. சத்தம் இல்லாமல் இருப்பது தானாக நடக்கிற காரியம் இல்லை, ஒருத்தர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருத்தர் நான். எனக்கு வேறு வேலை இல்லை.

நாலாவது நிமிஷத்தில் என் குரல் வருகிறது. ‘வணக்கம், என் பேரு குலோத்துங்கன்.’ இதை மட்டும் ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். குலோத்துங்கன் என்பது காதுக்குள் சொல்வதற்கான பெயர் இல்லை. அதை வைத்தவர் மைக்கில் சொல்வதற்காக வைத்தார். அப்பா மேடைப் பேச்சாளர். மாநாடு, பொதுக்கூட்டம், தெருமுனை, எதையும் விட மாட்டார். ஒரு கூட்டத்தில் மைக் மக்கர் பண்ணியபோது அதைத் தள்ளி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசினாராம், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் கை தட்டினார்களாம். வீட்டிலும் அதே குரல்தான். ரசத்துக்கு உப்பு கேட்டாலும் தீர்மானம் நிறைவேற்றுகிற மாதிரிதான் கேட்பார். நான் பரீட்சையில் வாங்கின மார்க் எனக்கு முன்னால் டீக்கடைக்குப் போய்விடும். அவர் குரல் போக வீட்டில் மீதி இருந்த இடம் கொஞ்சம், அதற்குத் தகுந்த மாதிரி நான் பேசப் பழகிக்கொண்டேன். ‘வாயில என்னடா கொழுக்கட்டையா வச்சிருக்க, நல்லாச் சொல்லு’ என்பார். இப்போது அவர் இருந்து, தன் மகன் நாற்பத்துநாலு வயதில் பகல் வேளையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தபடி முன்பின் தெரியாதவர்களின் காதுக்குள் ரகசியம் பேசுகிறான் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. மைக்கை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்திருப்பார். அவரை நினைத்ததில் ஒரு நிமிஷம் கேட்காமலே ஓடிவிட்டது, திரும்பப் பின்னால் தள்ள வேண்டும்.

இந்த யோசனை இலக்கியாவுடையது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், உலகத்தில் இருக்கிற எல்லாமே அவளுக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை என் தலையில் மாட்டி, ‘கண்ண மூடு, பேசாத’ என்றாள். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் சோப்புக் கட்டியைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். சீவிச் சீவி, அடுத்து ஒரு பிரஷ்ஷை எடுத்து மைக்கின் மேல் தடவினாள். ‘என்னடி இது வேலையத்த வேலை’ என்றேன். ‘இதக் கேட்டாத் தூக்கம் வரும்ப்பா. எத்தன லட்சம் பேர் பாத்துருக்காங்க பாரு. இதுக்குன்னே சேனல் வச்சிருக்காங்க. நீ தினமும் வீட்ல பண்றது இதேதான், நீதான் வீடியோ எடுக்க மாட்டேங்குற.’ நான் செய்வதில் சத்தமே இருக்காதே என்று கேட்டேன். ‘இருக்கும்ப்பா, குட்டியா இருக்கும். உனக்குக் கேக்காது, மைக்குக்குக் கேக்கும்’ என்றாள். ஆம்பளைக் குரலை யார் கேட்பார்கள், பயந்துவிட மாட்டார்களா என்றதற்கு அவள் கொஞ்சம் யோசித்தாள். ‘உன் குரலுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க. கோவமே வராத குரல் உனக்கு.’ அதை அவள் பாராட்டாகச் சொன்னாளா, சும்மா ஒரு தகவலாகச் சொன்னாளா தெரியவில்லை. ஆனால் மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. சேனலுக்குப் பெயர் வைக்க இன்னும் நாலு நாள். குசுகுசு என்றால் கோள் சொல்கிற மாதிரி இருக்கிறது, கிசுகிசு என்றால் நடிகைகள், முணுமுணுப்பு என்றால் மாமியார் மருமகள். மெதுவாகப் பேசுகிறவன் ஏதோ தப்பாகத்தான் பேசுகிறான் என்று நாம் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். கடைசியில் ‘மெதுவா’ என்று அவளே வைத்தாள். அப்புறம் கேட்கிறவரை என்னவென்று கூப்பிடுவது என்பதில் இரண்டு நாள் போனது. நீங்க என்றால் பாங்கிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது, நீ என்றால் வம்பு. நீங்க என்றே வைத்துக்கொண்டேன், பாங்குக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

எட்டாவது நிமிஷம், சீப்பின் பற்களை நகத்தால் வருடுகிறேன். இந்தச் சத்தம் எனக்கு வலது காதில் மட்டும்தான் கேட்கிறது. இடது காதில் ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது, இருக்கிறது என்று சத்தியம் பண்ண முடியாது. பதினாறு வருஷம் துவாக்குடி பக்கம் ஒரு ஷெட்டில் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்தேன். கொதிகலனுக்கு உதிரிப் பாகங்கள் செய்கிற கம்பெனி, நாள் பூரா இரும்பைத் தட்டுவார்கள், அறுப்பார்கள், கிரைண்டிங் வைப்பார்கள். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வந்தவனை மாப்பிள்ளை என்று கேலி பண்ணினார்கள், அதனால் யாரும் வைக்கவில்லை. ஷெட்டில் சத்தம் இருக்கிற வரைக்கும் எங்கள் ஃபோர்மேன் அறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், சத்தம் நின்றால்தான் என்னடா ஆச்சு என்று ஓடி வருவார். கம்பெனியை மூடுவதற்கு முந்தின வருஷம் எல்லோருக்கும் காது பரிசோதனை வைத்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் கேட்காமலே இரண்டு மூன்று தடவை அமுக்கினேன், கேட்டிருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில். டாக்டரம்மா சிரித்துவிட்டு, ‘இடது பக்கம் மெல்லிசான சத்தமெல்லாம் போயிருச்சு சார். கொசு, குருவி, மெதுவாப் பேசுறது. இனிமே திரும்ப வராது, இருக்கிறதப் பத்திரமா வச்சுக்குங்க’ என்றார். கொசு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கம்பெனி மூடின மாதமே செண்பகம் தானாகப் போய் நைட் டூட்டி கேட்டு வாங்கினாள். ‘நைட்னா கொஞ்சம் கூடக் குடுப்பாங்க. பகல்ல நான் தூங்கிக்குவேன், நீங்க இருக்கீங்கள்ல’ என்றாள். நீங்க இருக்கீங்கள்ல என்று அவள் சொன்னதை நான் நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டு செய்யவும் செய்தேன், அதில் பொய் இல்லை. முதல் வாரமே காலிங் பெல் ஒயரைக் கழற்றினேன். நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸை வெட்டி மாட்டினேன். கதவுக் கீல்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய். குழாயில் தண்ணீர் நேராகப் பாத்திரத்தில் விழாமல் இருக்கக் குழாய் வாயில் ஒரு துணி. கீரைக்காரம்மா எங்கள் மாடிப்படி வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் காட்டுவார். மேல்வீட்டுக்காரரிடம் போய், உங்கள் பேரன் பந்து விளையாடுவதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் கேட்டார். இந்த மைக்கைக் கொண்டுவந்த கொரியர்காரர் கீழே இருந்து போன் பண்ணியபோது நான் வழக்கம்போல மெதுவாக, வர்றேன், அங்கயே இருங்க என்றேன். நான் இறங்கிப் போனதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ‘சார், வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா’ என்று கேட்டார். இல்லைங்க, தூங்குறாங்க என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மாலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும், செண்பகம் கூந்தலை முடிந்துகொண்டே வருவாள், ‘தூங்கினியா’ என்று கேட்பேன், ‘ம், நல்லா’ என்பாள். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கிற சம்பளம் அந்த ஒரு வார்த்தை. முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும், பகல் தூக்கம் அப்படித்தான் என்று நானாகச் சொல்லிக்கொள்வேன்.

சேனல் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சிரிப்பாள் என்ற பயம் இல்லை, சிரித்தால் நல்லதுதான். சிரிக்காமல், ‘நல்லாப் பண்ணுங்க, நல்லா வரும்’ என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயம். அது ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல். ஊசி போடுகிறவர்களுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது. அது வந்துவிட்டால் நாம் நோயாளி ஆகிவிட்டோம் என்று அர்த்தம். ஆயிரம் பேர் பார்த்த பிறகு, போனைக் கையில் கொடுத்து, யாரென்று தெரிகிறதா பார் என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆயிரம் பேர் பார்ப்பதற்கு முன்னால் பழைய ஷெட் ஆட்கள் பார்த்துவிடுவார்கள், அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. ஆறுமுகப்பெருமாள் அதில் போட்டுவிட்டு வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகளைப் போடுவான். இன்ஸ்பெக்டருக்கு என்னாச்சு, யாராச்சும் போய்ப் பாருங்கப்பா என்பான். ஆனால் பதினாறாவது நிமிஷத்தில் நான் சொல்வதைக் கேட்டால் அவனுக்கும் வாய் அடைக்கும், அந்த இடத்துக்காகத்தான் இந்த வீடியோவே. இதோ வருகிறது. ‘நான் இதுக்குப் படிச்சவன் இல்ல. என் மனைவி நர்ஸ், ராத்திரி வேலை. ரெண்டு வருஷமா பகல்ல அவங்களைத் தூங்கவைக்கிறதுதான் என் வேலை. நான் பாத்துக்குறேன்கிற நம்பிக்கையில அவங்க நிம்மதியாத் தூங்குறாங்க. இன்னைலேருந்து உங்களையும் தூங்கவைக்கிறேன்.’ நன்றாக இருக்கிறது. எழுதி வைத்துப் படித்த மாதிரி இல்லை. நன்றாக இருக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டேன்.

பதினேழாவது நிமிஷத்தில், இதுவரைக்கும் இருந்ததே தெரியாத ஒரு முனகல் நின்றுபோகிறது. என்னவென்று யோசித்தால், கரண்ட். ஒரு மணி வாக்கில் நாலு நிமிஷம் கரண்ட் போனது. போன் பாட்டரியில் ஓடியதால் பதிவு நிற்கவில்லை. செண்பகம் அறை ஃபேன் நின்றிருக்கிறது. அதன் சத்தம்தான் இவ்வளவு நேரமும் அடியில் ஓடியிருக்கிறது. போனுக்குச் சார்ஜ் போட்டிருந்த ஒயர் சின்னது, மைக்கையும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருந்தது. அந்த போர்டுக்கு நேர் பின்னால் அவள் அறையின் சுவிட்ச் போர்டு, நடுவில் செங்கல் கிடையாது, வெறும் ஓட்டை. பதிவு பண்ணும்போது கரண்ட் போனது நல்லதுதான், சுத்தமாக வரும் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தச் சுத்தத்தில் வேறு ஒன்று கேட்கிறது. முதலில் யார் வீட்டு டீவியோ என்று நினைத்தேன், கரண்ட் இல்லாமல் ஏது டீவி. சத்தத்தை முழுதாகக் கூட்டி, வலது காதோடு ஹெட்போனை அழுத்திக்கொண்டேன். ‘முழிச்சுட்டுத்தான் இருக்கேன், சொல்லுக்கா’ என்கிறாள் செண்பகம். கோமதி அக்கா, அவளுக்கு மூத்தவள், போன் பண்ணியிருக்கிறாள். ‘நீ எழுப்பலக்கா. எங்க தூங்குறது.’ அதற்கு மேலேயே, பத்து மடங்கு பெரிதாக, என் குரல் சொல்கிறது, ‘உங்க தோளை நல்லாத் தளர்த்திக்கங்க.’ ‘இப்ப கரண்ட் வேற போயிருச்சு. ஃபேன் சத்தமாச்சும் இருந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு’ என்கிறாள் அவள். ‘மூச்சை மெதுவா உள்ள இழுங்க.’ ‘பயமா இருக்குக்கா. சிரிக்காத. வார்டுல மெஷின் டிக்கு டிக்குன்னு கேட்டுட்டே இருக்கும்ல, கேக்குற வரைக்கும் பயமில்ல. ஒரு பெட்டுல திடீர்னு கேக்காமப் போனாத்தான் ஓடணும். இங்க வந்து படுத்தா, பகல் பூரா அது நின்னுபோன மாதிரியே இருக்கு. கண்ணு சொருகும், உடனே எந்திரிச்சு உக்காந்துருவேன். யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு தோணும்.’ ‘உங்களைச் சுத்தி எல்லாம் அமைதியா இருக்கு’ என்கிறேன் நான். அக்கா என்னவோ சொல்கிறாள் போல. ‘ரயில் தடதடக்கத் தூங்கினவங்கதானேக்கா நாம’ என்கிறாள். பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் இரண்டு பேரும். ‘அய்யோ, அவர்ட்டயா. எப்படிக்கா சொல்றது. பாவம், கால் தரையில படாம நடக்குறார். கம்பெனி போனதுலேருந்து அவருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். நல்லாத் தூங்கினேன்னு நான் சொல்றப்ப அந்த மூஞ்சிய நீ பாக்கணும். அதையும் நான் புடுங்கணுமா? இப்பக்கூடப் பக்கத்து ரூம்ல யார்ட்டயோ என்னமோ முணுமுணுத்துட்டு இருக்கார். கேக்க மாட்டேன். இருந்துட்டுப் போகட்டும்.’ ஃபேன் திரும்பச் சுற்ற ஆரம்பிக்கிறது, அவள் குரல் அதற்குள் போய்விடுகிறது. நான் துண்டை மடிக்கிறேன்.

முதலில் செய்த காரியத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பதினேழு அஞ்சிலிருந்து இருபத்தொண்ணு பத்து வரை வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, விரலை அங்கே கொண்டுபோய்விட்டேன். வெட்டிவிட்டால் ஒட்டின இடம் தெரியாது, துண்டுச் சத்தம் துண்டுச் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் விரலை எடுத்தேன். என்னவோ நடந்திருக்கிறது, அது எனக்குத்தான் நடந்திருக்கிறது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது, அடிபட்ட இடம் உடனே வலிக்காத மாதிரி. கோபம் வந்தது. அக்காவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. பாவம் என்கிறாள். இருந்துட்டுப் போகட்டும் என்கிறாள். இரண்டு வருஷமாக ‘ம், நல்லா’ என்று சொல்லியிருக்கிறாள், ஒரு நாள்கூட வார்த்தை மாறவில்லை, அந்த மாறாததிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றாகத் தூங்குகிறவர்கள் ஒரு நாள் சுமார் என்பார்கள், ஒரு நாள் கெட்ட கனா என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. சத்தம் இல்லை என்றால் தூங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன், கதவுக்கு வெளியே நின்று காதை வைத்துப் பார்த்தபோதெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்காததுதான் எனக்கு அத்தாட்சி. உள்ளே அவள் எழுந்து உட்கார்ந்துகொண்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் போய்விட்டது. போன இடத்தில் வந்தது என்னவென்று பார்த்தேன். துக்கம்தான், வேறு பெயர் வைக்க ஒன்றும் இல்லை. இந்த நிமிஷமும் அவள் அந்தச் சுவருக்கு அப்பால் விழித்துக்கொண்டுதான் இருப்பாள். இரண்டேகால் மணி. நேற்று ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள், இன்றைக்கும் ராத்திரி ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். ஊசியை யாருக்கு எவ்வளவு போட வேண்டும் என்று பார்க்கிற கண் அது.

எழுந்து போய்க் கதவைத் திறந்து, கேட்டுவிட்டேன் செண்பகம், எல்லாம் தெரியும் என்று சொல்லலாம். சொன்னால் அவள் பதறுவாள். அக்காட்ட சும்மா சொன்னேங்க என்பாள், ஊசி போடுகிற குரல் வந்துவிடும், என்னைத் தேற்றுவதில் அவளுக்கு இன்றைய மீதித் தூக்கமும் போகும். சொல்லாமல் இருந்தால் நாளைக்கும் இதே மாதிரி கால் தரையில் படாமல் நடக்க வேண்டும், இனி அதை எப்படி நடப்பது. டீவியைப் போடலாம். போட்டால் இவருக்கு என்னவோ ஆயிற்று என்று எழுந்து வருவாள். வீடியோ அறையில் அப்படியே நிற்கிறது. யாரைத் தூங்கவைத்தேன் என்று சொல்லி அதை ஏற்றுவது. சமையலறைக்கு வந்து நின்றேன். சத்தம் போட வேண்டும் என்றால் எதைப் போடுவது என்று தெரியவில்லை, கை எல்லாவற்றையும் மெதுவாகவே எடுக்கிறது, மெதுவாகவே வைக்கிறது. கீழ் அலமாரியின் மூலையில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு சின்ன இரும்பு உரல் இருந்தது, கல்யாணச் சீரில் வந்தது. துடைத்தேன். ஒரு கை மிளகு போட்டேன், கொஞ்சம் சீரகம், நாலு பல் பூண்டு. உலக்கையைத் தூக்கினதும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது, மனசு வேண்டாம் வேண்டாம் என்றது. போட்டேன். டங் என்றது. இரண்டு வருஷத்தில் இந்த வீடு அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை, எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. இன்னொன்று போட்டேன்.

“என்னங்க?” உள்ளேயிருந்து செண்பகம் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. ரசத்துக்கு இடிக்கிறேன்.” என் குரல் எனக்கே கரகரவென்று இருந்தது.

“பொடி இருக்குமே?”

“தீந்துபோச்சு.” தீரவில்லை, டப்பா கண்ணெதிரே இருக்கிறது. “தூக்கம் கெடுதா? நிறுத்திரட்டுமா?”

உலக்கையை உரலுக்குள்ளேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் கட்டிலில் திரும்பிப் படுத்திருக்கலாம், அல்லது உட்கார்ந்தவள் சாய்ந்திருக்கலாம், இங்கிருந்து எனக்கு எதுவும் கேட்காது.

“இல்ல” என்றாள். அப்புறம், “இடிங்க” என்றாள்.

இடித்தேன். முதலில் ஒழுங்கில்லாமல் விழுந்தது, அப்புறம் கை ஒரு நிதானத்துக்கு வந்தது, ஒன்று விழுந்து அது அடங்குவதற்குள் அடுத்தது. மேல்வீட்டுக்காரர் காலிங் பெல் இல்லாத கதவை வந்து தட்டினாலும் தட்டட்டும். மிளகு வெடித்து வாசம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, அடக்காமல் தும்மினேன். கொஞ்ச நேரம் கழித்து, இடிப்பதை விடாமலே, “செண்பகம், ரசம் போதுமா, குழம்பும் வைக்கட்டுமா” என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தி, அப்பா குரலில் பாதி அளவுக்கு உயர்த்தி, திரும்பவும் கேட்டேன். பதில் இல்லை. உரலுக்குள் எப்போதோ எல்லாம் மாவாகிவிட்டது, உலக்கை இரும்பில் வெறுமனே விழுகிறது, தோள் கடுக்கிறது. நிறுத்தினால் அவள் விழித்துக்கொள்வாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.